அடுப்பு மண்ணும் டயர் செருப்பும்

என் அக்கா மண் தின்கிறாள் என்பது எனக்கு முதலில் காதால்தான் தெரிந்தது. தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை, முன்னால் ஓர் அடுப்படி, நடுவில் சாக்குத் திரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். திரைக்கு அப்பால் பல்லில் மணல் நெரிபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா அடுப்பின் பக்கவாட்டிலிருந்து சுட்டு வெந்த மண்ணைப் பெயர்த்து, கல்கண்டை அடக்குவதுபோல வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கையளவு பள்ளம் விழுந்திருந்தது. ஒரே நாளில் விழுந்த பள்ளம் இல்லை அது.

என்னைப் பார்த்து அவள் வெட்கப்படவில்லை. சிரித்தாள்.

"மூணு மாசமாத் திங்குதேன். நீதான் இன்னிக்குப் பாத்திருக்க, டீச்சரம்மா."

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. மறையூரிலிருந்து மூணாறு பஸ்ஸில் மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், தொழிலாளர் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. அக்கா கொழுந்து பறித்தாள். அத்தான் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் மாடியில் இருந்தார். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். குழந்தை இல்லை.

எங்கள் ஆட்களிடம் பெண் மண் தின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மசக்கை. நான் பார்ப்பதற்கு முன்பே லயம் முழுவதும் முடிவு கட்டியிருந்தது. அடுத்த அறையில் இருந்த மைனி, உறவில்லாவிட்டாலும் அண்ணன் மனைவிக்குரிய முறையில் நாங்கள் அழைத்து வந்தவள், மறையூர்க் கடைத்தெருவில் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு. வேலை பிரித்துக்கொடுக்கும் கங்காணியும் அக்காவைக் கொழுந்துக் கூடையிலிருந்து விடுவித்து, நாற்றங்காலில் களை பிடுங்கும் லேசான வேலைக்கு அனுப்பிவிட்டார்.

பிற்காலத்தில் நான் பத்திரிகையில் வேலை பார்த்தேன். கண்ணால் கண்டதையும் மனத்தால் முடிவு கட்டியதையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதே என்று அங்கே முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அன்று எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இப்போது அப்படிப் பிரித்தே எழுதுகிறேன்.

கண்டது இது. அக்காவின் வயிறு உப்பியிருந்தது. மாதவிலக்கு நின்றிருந்தது. காலையில் முகம் வீங்கியிருக்கும், மாலையில் கணுக்கால். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது எழும்ப நேரமாகும். நகங்கள் சுண்ணாம்பு நிறத்தில், நடுவில் கரண்டிபோலக் குழிந்திருந்தன. நாக்கு வழவழவென்று வெளுத்திருந்தது. மேல்வயிற்றில் ஒரு வலி வந்து போகும். எடைக் கொட்டகையிலிருந்து லயத்துக்கு ஏறும் பாதையில் முன்பெல்லாம் கூடையோடு என்னை முந்திப் போகிறவள், இப்போது வெறுங்கையோடு மூன்று இடத்தில் நின்றாள். நிற்கும்போது கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது.

முடிவு கட்டியது இது. "வயிறு மேலேறி நிக்கி. ஆம்பளப் புள்ளதான்," என்றாள் மைனி. "மொகத்தப் பாரு, பூசுனாப்ல இருக்கு."

அக்காவின் கணக்குப்படி ஆறு மாதம் முடியப்போகிறது. நான் ஒருநாள் கேட்டேன்.

"அசையுதாக்கா?"

அவள் கொஞ்ச நேரம் சுள்ளி ஒடித்தாள்.

"சிலதுக்கு லேட்டாத்தான் அசையுமாம். மைனி சொல்லுச்சு."

நான் நோட்டுகளுக்குத் திரும்பினேன்.

மழைக்காலத்தில் எனக்கே வயிற்றுப்போக்கு வந்தது. சீதமும் ரத்தமுமாகப் போனது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே இருந்த கம்பவுண்டர் பாலக்காட்டுக்காரர். பாலக்காட்டில் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அண்ணன் தம்பிகளெல்லாம் துணிக்கடையில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் கம்பவுண்டர் பரீட்சை எழுதி மலைக்கு வந்தவர். வயது நாற்பது இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே வியாதியைத்தான் சொல்வார்கள்: "வயிறு சரியில்ல." அவர் அந்த ஒரு சொல்லை மூன்று கேள்விகளால் பிரிப்பார். தண்ணியாப் போகுதா, ரத்தமும் சீதமுமாவா? சாப்பிட்டா வலிக்குதா, சாப்பிடாட்டி வலிக்குதா? கால்ல செருப்பு உண்டா?

முதல் கேள்விக்கான பதிலைப் பொறுத்து, தண்ணீராகப் போகிறவருக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை மணிக்கு மணி குடிக்கச் சொல்வார். வயிற்றுப்போக்கு வந்தவனுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்ற லயத்து வழக்கத்தோடு அவர் தினமும் சண்டை போட்டார். ரத்தமும் சீதமும் என்றால் சல்ஃபா மாத்திரை, கூடவே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு மிரட்டல். வெறும் வயிற்றில் எரிந்து, சாப்பிட்டதும் அடங்கும் வலி என்றால் குடல்புண். அதற்கு வெள்ளைப் பொடியும், முடிந்தால் பாலும் கொடுப்பார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பால் விடாத கட்டன் சாயாவிலேயே பகல் முழுவதும் ஓட்டும் ஆண்களுக்குத்தான் அது அதிகம். மூன்றாவது கேள்விதான் யாருக்கும் புரியாது. எனக்கு முன்னால் நின்ற கிழவர் கோபித்துக்கொண்டார்.

"வயித்துக்கு மருந்து கேட்டா காலப் பாக்கீரு. நீரு கம்பவுண்டரா, செருப்புத் தைக்கவரா?"

"ரெண்டும் ஒரே வேலைதானுங்க பெரியவரே," என்றார் அவர். வரிசை சிரித்தது.

என் முறை வந்தபோது அதையே கேட்டேன். அவர் மாத்திரையை மடித்துக்கொண்டே விளக்கினார்.

"தேயிலைக்குள்ளதான டீச்சர் எல்லாரும் வெளிக்குப் போறாங்க? வேற எடமில்ல. அந்த மலத்துல கொக்கிப்புழுவோட முட்டை இருக்கும். செடி நிழல், ஈர மண்ணு, அதுக்கு வேற என்ன வேணும்? பொரிச்சு, மயிரு கனத்துல புழுவாகி மண்ணுல நிக்கும். வெறுங்கால் வந்தா விரலிடுக்குல ஏறிக்கும். அரிக்கும், நீங்க சேத்துப்புண்ணும்பீங்க. ரத்தத்தோட போயி, நெஞ்சுல ஏறி, தொண்டைக்கு வந்து, முழுங்கினா வயித்துக்குள்ள எறங்கிடுமுங்க. குடல்ல கடிச்சுத் தொங்கிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சும். ஒண்ணு ரெண்டுன்னா தெரியாது. நூத்துக்கணக்குல இருந்தா ஆளு வெளுத்து, வீங்கி, மூச்சு வாங்கி, கடைசில மண்ணு திங்க ஆரம்பிச்சுரும்."

"மண்ணா?"

"மண்ணு, ஓடு, சாம்பல். ரத்தம் கொறைஞ்சா அப்படி ஒரு ஆசை வருமுங்க."

நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். நகம், கணுக்கால், அடுப்பில் விழுந்த பள்ளம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே ஆமாம் போடவில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

"பாக்காம நான் சொல்ல மாட்டனுங்க. கர்ப்பமாவும் இருக்கலாம், புழுவாவும் இருக்கலாம், ரெண்டுமாவும் இருக்கலாம். கர்ப்பம்னா அந்தப் பூச்சி மருந்து குடுக்க ஆகாது. புழுன்னா, இப்படியே விட்டா அவங்க நெஞ்சு தாங்காது. ஒரு தீப்பெட்டில மலம் கொண்டாங்க. செவ்வாக்கிழமை மிட்வைஃப் வருவாங்க, வயித்த அவங்க பாக்கட்டும்."

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடிதட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏழு வருசம் கழிச்சு எனக்கு ஒண்ணு வந்திருக்கு. அத தீப்பெட்டில போட்டுக் கொண்டுபோகச் சொல்லுதியா?"

"அக்கா, அவரு..."

"படிச்சவ கண்ணுல கொள்ளிதாம்டி இருக்கு."

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. அத்தானிடம் முறையிட்டேன். அவர் குறைவாகப் பேசுகிறவர். "அவ வயிறு, அவ சொல்லட்டும்," என்றார். அன்று அந்தப் பதிலின்மேல் எனக்குக் கோபம் வந்தது.

நான்காம் நாள் நாற்றங்காலில் அக்கா விழுந்தாள். குனிந்து களை பிடுங்கியவள் நிமிரும்போது கண் இருட்டிச் சரிந்தாள் என்று கூட இருந்த பெண்கள் சொன்னார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, ஏலக்காய்த் தண்ணீர் கொடுத்து, இரண்டு பேர் தாங்கிக் கூட்டி வந்தார்கள். மைனி திருஷ்டி சுற்றிப் போட்டாள். அக்கா சுவரில் சாய்ந்தபடி தன் கையை வெளிச்சத்தில் பிடித்து நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை என் நோட்டுகளின் மேல் ஒரு தீப்பெட்டி இருந்தது. நூலால் இரண்டு சுற்றுக் கட்டியிருந்தாள்.

"இன்னிக்குச் செவ்வாக்கெழமதான? நானும் வாரேன். ரெண்டுல ஒண்ணு தெரியட்டும்."

டிஸ்பென்சரியின் ஜன்னலோரம் ஒரு பித்தளை மைக்ராஸ்கோப் இருந்தது. கம்பவுண்டர் கண்ணாடிச் சில்லில் மாதிரியைத் தேய்த்து வெகுநேரம் பார்த்தார். உள்ளறையில் மிட்வைஃப், மலையாளம் கலந்த தமிழ் பேசும் நடுவயதுப் பெண், அக்காவைப் படுக்கவைத்துப் பார்த்தாள். நான் கதவருகே நின்றேன். மிட்வைஃப் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டாள். இடம் மாற்றி மறுபடி கேட்டாள். பிறகு கை கழுவிவிட்டு வந்து அக்காவின் தலையில் கை வைத்தாள்.

"மோளே, குஞ்ஞு இல்லா. வயிறு சும்மா வீங்கியதாணு. மருந்து குடிச்சா நேரே ஆகும்."

அக்கா அழவில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக ஜன்னலோரம் போனாள்.

"அத நான் பாக்கணும்."

கம்பவுண்டர் தயங்கினார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு, எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காட்டினார். அவளுக்குப் பிறகு நானும் பார்த்தேன். மங்கிய வெளிச்ச வட்டத்தில் நீள்வட்டமாக, கண்ணாடிபோல மெல்லிய ஓட்டோடு புழுவின் முட்டை. உள்ளே நாலு துண்டாகப் பிரிந்த ஒரு சாம்பல் உருண்டை. அதன் பக்கத்தில் இன்னொன்று. சில்லை நகர்த்தினால் இன்னும் இரண்டு.

"இது எத்தன நாளா உள்ள இருக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"வருசக்கணக்கா இருக்குமுங்க அம்மிணி. தெனமும் புதுசா ஏறிக்கிட்டுமிருக்கும்."

"இதையா நான் சொமந்துட்டு இருந்தேன்," என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நாலு இடத்தில் நின்றோம். கடைசி இடத்தில் அவளே பேசினாள்.

"மைனி வளையலு வாங்கி வச்சிருக்கா. லயத்துல எல்லார்ட்டயும் நாந்தான் சொல்லணும். நீ வாயத் தொறக்காத."

மறுநாள் காலை மஸ்டரில் சொன்னாள். விடிந்ததும் எல்லோரும் கூடி நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் இடம் அது. பள்ளிக்கூடம் அதற்கு எதிரே இருந்ததால் நானும் படியில் நின்றேன். கங்காணி அவள் பெயரைக் கூப்பிட்டு, "நாத்தங்காலு," என்றார்.

"நாத்தங்காலு வேண்டாங்கய்யா. நான் புள்ளத்தாச்சி இல்ல."

கங்காணி பேரேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எனக்குக் கொக்கிப்புழு. ரத்தம் இல்ல. கம்பவுண்டரு சீட்டு குடுத்திருக்காரு. மருந்து குடிச்சு முடிக்க ரெண்டு மாசம் லீவு வேணும். எம்பேர வெட்டக் கூடாது."

பெயரை வெட்டினால் வேலை போகும், வேலையோடு லயத்து அறையும் போகும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கங்காணி சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள்:

"அப்ப பூச்சிக்கா வளகாப்பு?"

சிரிப்பு எழுந்தது. அக்கா திரும்பினாள்.

"போடு, வேண்டாங்கல. மொதல்ல உன் நகத்தக் காட்டு."

அந்தப் பெண் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் இழுத்துக்கொண்டாள். கூட்டத்தில் எத்தனை கைகள் மறைந்தன என்பதைப் படியிலிருந்து பார்த்த நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

லீவு கிடைத்தது. கங்காணி சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தபோதுதான் அது உறுதியானது.

சிகிச்சை முறையாக நடந்தது. ரத்தம் அவ்வளவு குறைந்திருக்கும்போது பூச்சி மருந்தை உடம்பு தாங்காது என்று முதல் இரண்டு வாரம் இரும்புச்சத்து மிக்ஸர் மட்டும். பல்லைக் கறுப்பாக்கும் கசப்பு மருந்து. அக்கா அதை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, நாக்கை நீட்டி எனக்குக் காட்டுவாள். கீரையும் கறுப்புக் கொண்டைக்கடலையும் காந்தலூரிலிருந்து வரும் ஆட்களிடம் அத்தான் வாங்கி வந்தார். மூன்றாவது சனிக்கிழமை ராத்திரிக்குக் கஞ்சி மட்டும். எண்ணெய் ஒரு துளி கூடாது என்று கம்பவுண்டர் மூன்று முறை சொல்லியிருந்தார். ஞாயிறு காலை வெறும் வயிற்றில் கேப்ஸ்யூல் மாத்திரைகள், பிறகு படுக்கை, இரண்டு மணி நேரம் கழித்துப் பேதி உப்பு.

மாத்திரை உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மைனி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணத்தில் விளக்கெண்ணெய். பூச்சிக்குப் பேதி என்றால் அது விளக்கெண்ணெய்தான். லயத்தில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் குடிப்பார்கள்.

"உப்பு போயி பூச்சியத் தள்ளுமா? இதக் குடி தாயி, கொடலோட வழிச்சிட்டு வந்துரும்."

அக்காவுக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"எண்ணெ பட்டா அந்த மருந்து ரத்தத்துல ஏறிருமாம் மைனி. பூச்சி பொழச்சுக்கும், நான் செத்துருவேன்."

"எங்க ஆத்தா காலத்துல இருந்து குடிக்குத எண்ணெடி."

"அந்த மருந்து உங்க ஆத்தா காலத்துல இல்லல்லா. எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வேணா தலைல தேச்சு விடுங்க."

மைனி கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். கோபித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அன்று பகல் முழுவதும் அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வெளியே கூட்டிப் போனது அவள்தான்.

சில வாரம் கழித்து இன்னொரு முறை மருந்து. நடுவில் தீப்பெட்டி இரண்டு தடவை டிஸ்பென்சரிக்குப் போனது. இரண்டாவது தடவை கம்பவுண்டர் வெகுநேரம் தேடினார், ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. கணுக்கால் வீக்கம் வடிந்தது. மாதவிலக்கு திரும்பியது. அன்று அக்கா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கொடியில் துணி காய்வதைப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன். மறு வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அவள் களிமண் குழைத்து அடுப்பின் பள்ளத்தை அடைத்துக்கொண்டிருந்தாள். விரலில் ஒட்டியிருந்த மண்ணை முகர்ந்து பார்த்தாள்.

"இதப்போயி எப்படித்தான் தின்னேனோ," என்று சொல்லிக் கையைக் கழுவினாள்.

பின்னாலும் அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. கேட்பவர்கள் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

ஆனால் காரியம் அடுப்போடு முடியவில்லை. கடைசித் தீப்பெட்டியைப் பார்த்துவிட்டுக் கம்பவுண்டர் சொன்னதை அவள் மறக்கவில்லை. "மருந்து இருக்கறதத்தான் கொல்லுமுங்க. வெறுங்காலோட மறுபடியும் தேயிலைக்குள்ள எறங்கினா, அடுத்த மழைக்கு இங்கதான் நிப்பீங்க."

செருப்பு என்பது எங்கள் தோட்டத்தில் காலில் போடும் பொருள் மட்டும் இல்லை. துரை முன்னாலும் கங்காணி முன்னாலும் தொழிலாளி செருப்போடு நிற்பதில்லை. யாரும் எழுதிவைத்த சட்டம் கிடையாது. ஆனால் சந்தைக்குப் போட்டுப் போகிற செருப்பைக்கூட மஸ்டருக்கு முன்னால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் போடுவதே இல்லை.

அத்தான் ஒரு லீவு நாளில் யாரிடமும் சொல்லாமல் மறையூருக்குப் போய்வந்தார். பழைய லாரி டயரில் வெட்டிய செருப்பு ஒரு ஜோடி, பின்னங்காலைப் பிடிக்க வார் வைத்தது. அக்காவின் கால் அளவை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. அடுப்பருகே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் அக்கா வேலைக்குத் திரும்பினாள். கிளம்புமுன் மைனியின் அறை வாசலில் நின்றாள்.

"மைனி, அந்த வளையலக் குடுங்க. வாங்குனது வாங்குனதுதான."

மைனி பெட்டியைத் திறந்தாள். கொழுந்து பறிக்க இடைஞ்சல் இல்லாமல் கைக்கு இரண்டு போட்டுவிட்டாள். மிச்சத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள்.

மஸ்டரில் அக்கா கூடையோடு முன்வரிசையில் நின்றாள். காலில் செருப்பு. கங்காணி பெயர் வாசித்துக்கொண்டே வந்தவர் அவளிடம் வந்ததும் நிறுத்தினார்.

"என்னம்மா இது? செருப்போட நிக்க?"

"ஆமாங்கய்யா."

"கழட்டி வச்சிட்டு நில்லு."

"கழட்ட முடியாதுங்க. கழட்டுனா ஆறு மாசத்துல மறுபடியும் விழுவேன். உங்களுக்கு மரியாத வேணுமா, கொழுந்து வேணுமா?"

இந்த முறை சிரிப்பு எழவில்லை. கங்காணி தொழிற்சாலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். துரையின் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை.

"சரிவுல வழுக்கும்," என்றார்.

"விழுந்தா எந்திரிச்சுக்கிடுதேன்."

அவர் அவள் பெயருக்கு எதிரே குறி போட்டார். "மேல்காடு," என்று வேலையைச் சொல்லிவிட்டு அடுத்த பெயரை வாசித்தார்.

அன்று அவள் இரண்டு முறை வழுக்கி விழுந்தாள். ஒருமுறை கூடை கவிழ்ந்து கொழுந்தெல்லாம் சரிந்தது. மற்றவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள், திட்டவும் செய்தார்கள். சாயங்காலம் எடைக் கொட்டகையில் அவள் கூடை பாதிதான் நிறைந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் அவளோடு ஏறினேன். லயத்துக்குப் போகும் பாதையில் அவள் ஓர் இடத்தில் மட்டும் நின்றாள். மூச்சு வாங்க இல்லை. குனிந்து ஒரு தேயிலைக் குச்சியை எடுத்து, செருப்பின் அடியில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டி எறிந்தாள். பிறகு என்னை முந்திக்கொண்டு மேலே ஏறினாள்.